மலைநடைக்கான பூச்சிக்கடிப் பை: எதை வைத்துக்கொள்ளலாம், எதை எடுத்துப் போடலாம்

மலைநடைக்கும் காட்டுநடைக்கும் செல்வோருக்கென்று, பூச்சிக்கடிக்கு வேண்டியவை எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதாகச் சொல்லி விற்கப்படும் சிறு பைகளில் ஒன்றை ஒரு பருவம் முழுவதும் முதுகுப்பையில் சுமந்து பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தயாரிப்பாளரின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். நான் குறையாகச் சொல்லப்போகிறவற்றில் பெரும்பாலானவை இந்த வகைப் பைகள் பலவற்றுக்கும் பொதுவானவை என்பதால், எந்தப் பையை வாங்குகிறவருக்கும் இது உதவ வேண்டும் என்பதே என் விருப்பம்.

உள்ளே இருந்தவை இவை: தோலில் பூச 20 விழுக்காடு பிக்காரிடின் கொண்ட ஒரு தெளிப்பான், துணிக்கு அடிக்க 0.5 விழுக்காடு பெர்மெத்ரின் கொண்ட ஒரு புட்டி, சிட்ரோனெல்லா மணம் ஊட்டிய இரண்டு மணிக்கட்டுப் பட்டைகள், கொசுவை ஒலியால் விரட்டுவதாகச் சொல்லும் ஒரு சிறு மின்கருவி, விஷத்தை உறிஞ்சி எடுப்பதாகச் சொல்லும் ஒரு குழல், ஓர் இடுக்கி, பேட்டரியில் இயங்கும் வெப்பப் பேனா, 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு, கலமைன், டைஃபென்ஹைட்ரமின் மாத்திரைகள், கிருமிநாசினித் துடைப்புத் தாள்கள், பயன்படுத்தும் முறையைச் சொல்லும் ஒரு மடிப்புத் தாள். இவற்றில் ஏறக்குறைய பாதி, இருந்தே ஆக வேண்டியவை. மறுபாதி வெறும் சுமையாக இருந்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம். காப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையைப் பொய்யாகத் தந்து, உண்மையில் காக்கக்கூடிய பொருளைக் கையில் எடுக்கவிடாமல் செய்துவிடுவதால்தான் அந்தப் பாதியைப் பற்றிக் கடுமையாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பாராட்ட வேண்டியது தோலில் பூசும் விரட்டியின் தேர்வை. பிக்காரிடின் என்பது மிளகுச் செடிகளில் இயற்கையாக உள்ள ஒரு சேர்மத்தின் அமைப்பை ஒட்டி 1980-களில் பேயர் நிறுவனம் உருவாக்கிய செயற்கை விரட்டி. சில நாடுகளில் ஐகாரிடின் என்ற பெயரில் கிடைக்கிறது. 20 விழுக்காடு செறிவில் அது கொசு, உண்ணி இரண்டையும் டீட் என்ற விரட்டிக்கு நிகராகவே தடுக்கிறது. டீட் பழைய கை: 1946-இல் அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்காக உருவாக்கியது, 1957-இல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது, இத்தனை பத்தாண்டுகளாக இத்தனை கோடிப் பேர் பூசிப் பார்த்த வேறொரு விரட்டி இல்லை. ஆனாலும் மலைநடைக்கு நான் பிக்காரிடினையே விரும்புவதற்குக் காரணம், டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்பதுதான். கைக்கடிகாரத்தின் பட்டை, கண்ணாடியின் சட்டம், திசைகாட்டியின் மூடி, ஸ்பாண்டெக்ஸ் கலந்த துணி என்று மலைநடைப் பொருள்களில் பாதி அதற்கு ஆகாதவை. டீட் பூசிய விரலால் பிடித்த திசைகாட்டியின் ஒளிபுகும் அடிப்பலகையில் விரல்ரேகை அப்படியே பதிந்து, அதன் கீழே வரைபடத்தின் கோடுகள் மங்கலாகத் தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பருத்தி, கம்பளி, நைலான் ஆகியவற்றுக்கு டீட்டால் கேடில்லை. பிக்காரிடினுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிசுபிசுப்பும் நெடியும் குறைவு என்பதால் கூச்சமில்லாமல் மறுபடியும் பூசிக்கொள்ள மனம் வருகிறது, இது சிறிய விஷயமல்ல.

செறிவைப் பற்றி மடிப்புத் தாளில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தம். விழுக்காடு கூடினால் விரட்டும் வலிமை கூடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கூடுவது பெரும்பாலும் காப்பு நீடிக்கும் நேரம்தான். டீட்டைப் பொறுத்தவரை 50 விழுக்காட்டுக்கு மேல் போனால் அந்த நேரமும் குறிப்பிடும்படியாக நீளுவதில்லை. ஆகவே 100 விழுக்காடு என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட புட்டியைத் தேடி அலைய வேண்டாம். குழந்தைகளுக்கு 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட டீட் வேண்டாம் என்பதும், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுக்களுக்கு விரட்டியே பூசக்கூடாது, வலை போர்த்திய தொட்டிலே போதும் என்பதும் குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயைச் செறிவூட்டிப் பிஎம்டி என்ற பொருளாக ஆக்கிய விரட்டியும் நம்பத் தகுந்ததே, ஆனால் அதை மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பூசக்கூடாது. அதே மரத்திலிருந்து எடுத்து வாசனைக்காக விற்கும் சுத்த எண்ணெய் வேறு பொருள். இரண்டையும் ஒன்றென்று எண்ணி வாங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பூசும் முறையில்தான் விரட்டியின் வெற்றி தோல்வி இருக்கிறது. எந்த விரட்டியும் உடலைச் சுற்றி ஒரு கோட்டையை எழுப்புவதில்லை. பூசிய இடத்தை மட்டும், அதிகம் போனால் அதை ஒட்டிய ஒரு சில சென்டிமீட்டர் தோலை மட்டும் காக்கிறது. முழங்கையின் பின்புறம், காதின் மடலுக்குப் பின்னால், கணுக்காலில் காலுறை முடியும் வளையம், பின்கழுத்தில் முடிக்கும் சட்டைக் கழுத்துக்கும் இடைப்பட்ட கீற்று ஆகியவை அவசரத்தில் விட்டுப்போகும் இடங்கள். கொசுக்கள் அவற்றைத் தவறாமல் கண்டுபிடிக்கும். முகத்துக்கு நேராகத் தெளிக்காமல் உள்ளங்கையில் எடுத்துத் தடவ வேண்டும். குழந்தைகளின் கைகளில் பூசக்கூடாது, அவை கண்ணுக்கும் வாய்க்கும் போகும். வெட்டுக்காயத்திலும் துணிக்கு அடியிலும் பூசக்கூடாது. சன்ஸ்கிரீனை முதலில் பூசி, அது தோலில் படிந்த பிறகே விரட்டியைப் பூச வேண்டும். இரண்டையும் ஒரே குழாயில் கலந்து விற்கும் பொருள்களை நான் வாங்குவதில்லை. சன்ஸ்கிரீனை இரண்டு மணிக்கொரு முறை மீண்டும் பூசியாக வேண்டும், விரட்டியை அவ்வளவு அடிக்கடி பூசத் தேவையில்லை. கலவையை வாங்குகிறவர் ஒன்றைக் குறைவாகவோ மற்றதை மிகையாகவோ பூசித்தான் ஆக வேண்டும். போதாக்குறைக்கு, டீட் சன்ஸ்கிரீனின் காப்பையும் குறைக்கிறது.

இந்தப் பையின் தெளிப்பானில் எனக்குள்ள ஒரே குறை அதன் மூடி. அழுத்தியவுடன் திறக்கும் மூடி முதுகுப்பையின் அடியில் நசுங்கினால் பாதித் திரவம் துணியில் போய்விடும். திருகுமூடி உள்ள சிறு புட்டிக்கு மாற்றிக்கொண்டு, உள்ளே இருப்பது என்னவென்று அதன்மேல் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

அடுத்தது பெர்மெத்ரின். இந்தப் பையை வாங்கச் சொல்வதற்கு ஒரே ஒரு காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் பெரும்பாலான பைகளில் இது இருப்பதில்லை. தோலில் பூசும் பொருள் அல்ல இது. தோலில் பட்டால் உடல் அதை விரைவிலேயே சிதைத்துவிடும், பயனில்லை. துணியின் இழையில் பற்றிக்கொண்டு, அதன்மேல் ஏறும் உண்ணியையும் உட்காரும் கொசுவையும் செயலிழக்கச் செய்வதுதான் இதன் வேலை. கால்சட்டை, காலுறை, காலணி, கூடாரத்தின் வாயில்துணி ஆகியவற்றில் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், துணி ஈரமாகும் வரை அடித்து, முழுவதும் உலர்ந்த பிறகே அணிய வேண்டும். வீட்டில் அடித்துக்கொள்ளும் இத்தகைய பூச்சு ஆறு வாரமோ ஆறு சலவையோ தாங்கும். தொழிற்சாலையிலேயே ஊட்டி விற்கப்படும் துணிகளுக்கு எழுபது சலவை வரை தாங்கும் என்று உறுதி தருகிறார்கள். உண்ணி மரத்திலிருந்து குதிப்பதில்லை. புல்நுனியிலும் தாழ்ந்த புதர் இலையிலும் முன்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசிச் செல்லும் காலில் தொற்றி மேலே ஏறுகிறது. ஆகவே காலணியும் காலுறையும் கால்சட்டையின் கீழ்விளிம்பும் பெர்மெத்ரின் ஏற்றவையாக இருந்து, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால், அதன் பாதையை அடியிலேயே மறித்துவிடுகிறோம்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மடிப்புத் தாள் அவற்றில் ஒன்றையாவது கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம். ஈரமான பெர்மெத்ரின் பூனைகளுக்குக் கொடிய நஞ்சு. வீட்டில் பூனை இருந்தால் துணி காய்ந்து முடியும் வரை அது அந்தப் பக்கமே வரக்கூடாது. மீன்களுக்கும் நீர்வாழ் பூச்சிகளுக்கும் தேனீக்களுக்கும் அதே கேடுதான், எனவே ஓடைக்கரையில் முகாமிட்டு அங்கேயே துணிக்குத் தெளிப்பதும், மிச்சத்தை நீரில் கொட்டுவதும் செய்யவே கூடாதவை. காட்டை நேசித்துத்தான் நடக்கிறோம், அதன் ஓடையைக் கெடுத்துவிட்டு வருவதில் பொருளில்லை.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. உடலோடு ஒட்டிய மெல்லிய நடையுடைகளின் வழியே கொசு எளிதாகக் குத்திவிடும். தளர்வான, நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையே நல்லது. வெளிர்நிறம் என்றால் மேலேறும் உண்ணி கண்ணில் படும், அடர்நிறத்தை நாடும் கொசுவும் குறையும். முகவலை ஒன்றை இந்தப் பையில் சேர்த்திருக்கலாம். கண்ணுக்கே தெரியாத கடிப்பூச்சிகள் உள்ள பகுதிகளில் சாதாரணக் கொசுவலையின் துளை பெரிது, மிக நுண்ணிய துளை உள்ள வலைதான் வேண்டும்.

இப்போது எடுத்துப் போட வேண்டியவற்றுக்கு வருகிறேன். மணிக்கட்டுப் பட்டையை அணிந்தால் பட்டையின் மணம் உங்களுக்குத் தெரியும், கொசுவுக்கு அது பொருட்டல்ல. 2002-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த ஒப்பாய்வில், 23.8 விழுக்காடு டீட் சராசரியாக 300 நிமிடங்களுக்கு மேல் முழுக் காப்புத் தந்தது. அதே ஆய்வில் மணிக்கட்டுப் பட்டைகள் தந்த காப்பு நிமிடக் கணக்கில்கூட வரவில்லை, ஒரு சில நொடிகளிலேயே கடி தொடங்கிவிட்டது. டீட் ஊட்டிய பட்டைக்கும் இதே கதிதான். காரணம் நான் முன்பே சொன்னது: பொருள் எவ்வளவு நல்லதானாலும், அது இருக்கும் இடத்தை விட்டு மற்ற இடத்தைக் காக்காது. பெற்றோர் இந்தப் பட்டையைக் குழந்தையின் கையில் கட்டிவிட்டு, வேறெதுவும் பூசாமல் புல்வெளியில் விளையாட விடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது.

ஒலிக்கருவியும் இதே வகைதான். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைக் கேட்டுக் கொசு விலகும் என்கிறது அதன் அட்டை. திறந்தவெளிகளில் செய்யப்பட்ட பத்து ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளிவந்த காக்ரேன் மீளாய்வு, கருவி ஓடும்போதும் ஓடாதபோதும் உடலில் வந்து உட்காரும் கொசுக்களின் எண்ணிக்கையில் வேறுபாடில்லை என்று கண்டது. மலேரியாவும் டெங்குவும் உள்ள நிலப்பகுதிகளுக்கும் இதே கருவி போகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இதை ஒரு பாதுகாப்புப் பையில் வைத்து விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உறிஞ்சுகுழலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் பையில் பார்ப்பவர்களை அதிகம் கவர்வது அதுதான். தேனீ கொட்டும்போது அதன் முள்ளமைந்த கொடுக்கு தோலில் சிக்கி, நச்சுப்பையோடு சேர்ந்து தேனீயின் உடலிலிருந்து பிய்ந்து நின்றுவிடுகிறது. தேனீ போன பிறகும் அந்தப் பை தானாகவே சுருங்கிச் சுருங்கி நஞ்சைச் செலுத்திக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ முதல் 20 நொடிகளிலேயே அதன் பெரும்பகுதி உள்ளே போய்விடும். முதுகுப்பையை இறக்கி, அதன் உள்ளே இருக்கும் சிறு பையைத் தேடி எடுத்து, இழுப்பானைத் திறந்து, குழலுக்குச் சரியான முனையைப் பொருத்தி, கொட்டிய இடத்தில் வைப்பதற்குள் எத்தனை இருபது நொடிகள் கடந்திருக்கும்? கொடுக்கையே பிடுங்காமல் அதன்மேல் குழலை வைக்கச் சொல்லும் படத்தையும் மடிப்புத் தாளில் போட்டிருக்கிறார்கள், அது தாமதத்தை இன்னும் கூட்டும்.

கொடுக்கை எடுக்கும் முறை குறித்தும் தாள் பழைய பாடத்தையே சொல்கிறது: அட்டையின் விளிம்பால் சுரண்டி எடுங்கள், ஒருபோதும் கிள்ளி எடுக்காதீர்கள், கிள்ளினால் பை பிதுங்கி நஞ்சு கூடுதலாக ஏறும் என்று. 1996-இல் லான்செட் இதழில் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. சுரண்டினாலும் கிள்ளினாலும் வீக்கத்தில் வேறுபாடில்லை. எத்தனை நொடி தாமதித்தோம் என்பதே வீக்கத்தின் அளவைத் தீர்மானித்தது. ஆகவே அட்டையைத் தேட வேண்டாம், விரல்நகத்தால் உடனே எடுத்தெறிய வேண்டும். அதற்கு முன்பும் ஒன்று இருக்கிறது: கொடுக்கு பதிந்த இடத்திலிருந்து வாழைப்பழம் போன்ற மணமுள்ள எச்சரிக்கைச் சுரப்பு காற்றில் பரவி, கூட்டிலுள்ள மற்ற தேனீக்களை அழைக்கும். கூடு அருகில் இருந்தால் ஓடிக்கொண்டே கொடுக்கை எடுக்க வேண்டும், நின்று கையை வீசக்கூடாது, நீரில் குதிக்கவும் கூடாது. நீங்கள் மூச்செடுக்க மேலே வரும்வரை அவை காத்திருக்கும். சட்டையை மேலே இழுத்து முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு, ஒரு கட்டடமோ வண்டியோ கிடைக்கும் வரை நேராக ஓடுவதே வழி. குளவிகளுக்குக் கொடுக்கு பிய்வதில்லை, ஒன்றே பல முறை கொட்டும், அங்கே எடுப்பதற்கும் ஒன்றுமில்லை.

இடுக்கி சிறிய பொருள், ஆனால் உண்ணி உள்ள காடுகளில் பையின் உயிரே அதில்தான் இருக்கிறது. இந்தப் பையில் வந்த இடுக்கியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாக மூடிப் பார்த்தேன். அதன் இரு நுனிகளும் தட்டையாகவும் அகலமாகவும் இருந்தன; ஒன்றையொன்று தொடும்போது முன்விளிம்பில் கீற்று வெளிச்சம் தெரிந்தது, பின்பகுதி மட்டுமே இறுகியது. ஒரு தலைமுடியை அதன் நுனியால் பிடித்து இழுத்தால் வழுக்கிப் போயிற்று. புருவம் திருத்த அது போதும். எள்ளைவிடச் சிறிய இளம் உண்ணியை, அதன் வாய்ப்பகுதி தோலில் நுழையும் இடத்தில், உடலை நசுக்காமல் பிடிப்பதற்குப் போதாது. ஊசிமுனை போலக் கூர்ந்து, நுனியிலேயே இறுகக் கவ்வும் இடுக்கியை வாங்கி மாற்றிவிட்டேன். எதை வாங்கினாலும் இந்த முடிச் சோதனையைச் செய்து பாருங்கள்.

உண்ணியை எடுக்கும் முறையைத் தாள் சரியாகவே சொல்லியிருக்கிறது, அதற்கு நன்றி. தோலை ஒட்டினாற்போலப் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், சீரான விசையோடு நேர்மேலாக இழுக்க வேண்டும். வாய்ப்பகுதி சிறிது தங்கிவிட்டால் தோண்டிப் புண்ணாக்க வேண்டியதில்லை, தோல் தானாக வெளியே தள்ளிவிடும். பிறகு சோப்பால் கழுவ வேண்டும். வாஸ்லைன் தடவுவது, நகச்சாயம் பூசுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் உண்ணி தானே விடும்வரை காத்திருக்கும் முறைகள், அந்தக் காத்திருப்புதான் கேடு. லைம் நோயைப் பரப்பும் கிருமி உண்ணியிலிருந்து நம் உடலுக்குள் வருவதற்குப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் அது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனவே அன்றன்று மாலையே உடல் முழுவதையும், அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம், தொப்புள், காதுக்குப் பின், மயிர்க்கால்கள் ஆகிய இடங்களைத் தடவியும் பார்த்தும் தேடுகிறவருக்கு அந்த நோயின் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. உண்ணிவழி பரவும் எல்லா நோய்களுக்கும் இந்த அவகாசம் இல்லை. சில வைரசுகள் மிக விரைவிலேயே கடந்துவிடும் என்பதால், உண்ணியைக் கண்டவுடனே எடுப்பதுதான் சரி. கைக்கண்ணாடி ஒன்றைப் பையில் சேர்த்துக்கொண்டால் தனியாக நடப்பவர்களுக்கு முதுகுப்புறம் பார்க்க உதவும்.

வெப்பப் பேனா எனக்கு வியப்பூட்டிய பொருள். உலோக முனையைக் கடித்த இடத்தில் வைத்து அழுத்தினால் ஒரு சில நொடிகளுக்கு ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் சூடு ஏறுகிறது. சுரீரென்று இருக்கும், ஆனால் பிறகு அரிப்பு நன்றாகவே தணிந்து, இரவில் சொறியாமல் தூங்க முடிகிறது. சொறியாமல் இருப்பதே கடிவாயில் சீழ்பிடிக்காமல் காக்கிறது என்பதால் இது சொகுசுப் பொருள் அல்ல. ஆனால் அட்டையில் எழுதியிருப்பது போல நஞ்சை அழித்துவிடும் என்று நம்பி, ஒவ்வாமைக்கு இதை மருந்தாக எண்ணிவிடக்கூடாது. உணர்ச்சி மரத்த தோலிலும் இமையருகிலும் வைக்கக்கூடாது. பேனா இல்லாதவர்கள் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை பத்து நிமிடம் வைத்தாலும் வீக்கமும் அரிப்பும் குறையும்.

களிம்புகளில் ஹைட்ரோகார்ட்டிசோன் சரியான தேர்வு. நாளுக்கு இரண்டு வேளை, மெல்லிய பூச்சாக, ஒரு சில நாள்கள் போதும், தோல் கிழிந்த இடத்தில் வேண்டாம். கலமைன் தீங்கற்றது, ஆறுதலானது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மாத்திரையை மட்டும் மாற்றியே ஆக வேண்டும். டைஃபென்ஹைட்ரமின் பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்து, கண்ணைச் செருக வைக்கும், எதிர்வினை வேகத்தைக் குறைக்கும். செங்குத்தான பாறைச் சரிவில் கைத்தடியை ஊன்றி இறங்கிக்கொண்டிருக்கிறவருக்கு அதைக் கொடுப்பது, கொசுக்கடியைப் போக்கிவிட்டு எலும்பு முறிவைத் தேடித் தருவதற்குச் சமம். நாளுக்கு ஒன்று என்ற அளவில் லோரடடினோ செட்ரிசினோ போதும். செட்ரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும் என்பதால், வீட்டில் ஒரு முறை சாப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டு பையில் வைப்பது நல்லது.

பையில் இல்லாத ஒன்றையும் கேட்கிறேன்: ஒட்டும் பட்டைச் சுருள். கம்பளிப்பூச்சியின் மயிர்கள் தோலில் குத்தி நின்றால் தேய்க்கவே கூடாது. பட்டையை ஒட்டி ஒட்டிப் பிய்த்தால் மயிர்கள் அதோடு வந்துவிடும். பீடரஸ் என்ற சிறு வண்டு கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. ஆனால் தோலில் வைத்து நசுக்கிவிட்டால் அதன் உடல்நீர் மறுநாள் எரியும் கொப்புளமாகக் கிளம்பும், ஆகவே அதை ஊதித் தள்ளிவிட்டு இடத்தைச் சோப்பால் கழுவ வேண்டும்.

மடிப்புத் தாளின் மிகப் பெரிய குற்றம், உயிரைப் பறிக்கக்கூடிய ஒன்றைப் பற்றி அது ‘கடும் ஒவ்வாமை ஏற்பட்டால் மருத்துவரை அணுகவும்’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொண்டது. மலைப்பாதையில் மருத்துவர் எங்கே இருக்கிறார்? கொட்டிய இடத்தில் மட்டும் வீங்கி, சிவந்து, வலித்தால் அது அனஃபிலாக்சிஸ் என்னும் உயிராபத்தான ஒவ்வாமை அல்ல. வீக்கம் உள்ளங்கையளவு பரவி இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரம் நீடித்தாலும் அது பெரும்பாலும் அந்த இடத்தோடு நிற்கும் எதிர்வினையே. கொட்டிய இடத்துக்குத் தொடர்பில்லாத உடல்பகுதிகளில் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், குரல் கரகரத்தல், தொண்டை இறுகுதல், மூச்சில் விசில், திடீர் வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவை கொட்டிய சில நிமிடங்களில் தொடங்கினால், அதுதான் அனஃபிலாக்சிஸ், அதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஒன்றே. மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருப்பதால்தான் உயிர்கள் போகின்றன. தானியங்கி ஊசியைத் தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில், தேவையானால் கால்சட்டைக்கு மேலாகவே, அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கான ஊசியில் வழக்கமான அளவு 0.3 மில்லிகிராம், சிறு குழந்தைகளுக்கானதில் 0.15 மில்லிகிராம். ஐந்து நிமிடத்திலும் மாற்றமில்லை என்றால் இரண்டாவது ஊசி போடலாம், அதனால்தான் இரண்டு ஊசிகளாக எடுத்துச் செல்லச் சொல்கிறார்கள். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் மூக்கில் தெளிக்கும் அட்ரினலினும் முதன்முறையாக அனுமதி பெற்றிருக்கிறது, ஊசிக்கு அஞ்சுகிறவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்கலாம்.

உடன் நடப்பவர்கள் பொதுவாக எடுக்கும் முடிவு, பாதிக்கப்பட்டவரைக் கைத்தாங்கலாக நடத்திக் கீழே கொண்டுபோவது. அதைச் செய்யக்கூடாது. இரத்த அழுத்தம் வீழ்ந்திருக்கும் நிலையில் எழுந்து நிற்பதே இதயத்தை நிறுத்திவிடக்கூடும். மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி வைத்து, மூச்சு மிகவும் திணறினால் மட்டும் சாய்ந்து உட்கார வைத்து, உதவியை அவரிடம் வரவழைக்க வேண்டும். ஊசி போட்டதும் தெளிந்துவிட்டாலும், சில மணி நேரம் கழித்து அதே அறிகுறிகள் திரும்பக்கூடும் என்பதால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். ஊசி மருத்துவர் எழுதித் தரும் மருந்து, இத்தகைய பையில் வைத்து விற்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கென்று ஒரு சிறு உறை தைத்து, அதன்மேல் இந்த அறிகுறிகளையும் படுக்க வைக்கும் படத்தையும் அச்சிட்டுத் தருவதற்கு எந்தத் தடையும் இல்லை. முன்பு ஒரு முறை கொட்டி இவ்வாறு ஆனவர்கள் ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்து நஞ்சுத் தடுப்பாற்றல் சிகிச்சையைத் தொடங்கலாம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தொடரும் அந்தச் சிகிச்சை பெரும்பாலானோரைக் காக்கிறது. ஒவ்வாமையே இல்லாதவரானாலும் பல கொட்டுகளை ஒருசேர வாங்கினாலோ, வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலோ மருத்துவமனைதான்.

பையின் துணியும் இழுப்பானும் உறுதியானவை, மழையில் உள்ளே நனையவில்லை. பெரிய அறை ஒன்றுதான் இருப்பதால் எல்லாம் கலந்துவிடுகின்றன. விரட்டியையும் இடுக்கியையும் முதுகுப்பையின் இடுப்புப் பட்டைப் பையில் தனியாக வைத்துக்கொள்கிறேன். அட்ரினலின் ஊசி வைத்திருப்பவர்கள் அதை இந்தப் பையோடு வெயிலில் நிறுத்திய வண்டியில் விட்டுவிடக்கூடாது, குளிர்பெட்டியிலும் வைக்கக்கூடாது. ஊசியின் மேலுள்ள சிறு சாளரத்தில் மருந்து நிறம் மாறியிருக்கிறதா, காலாவதி நாள் தாண்டிவிட்டதா என்று ஒவ்வொரு நடைக்கும் முன் பார்க்க வேண்டும்.

அடுத்த பதிப்பில் தயாரிப்பாளர் சேர்க்க வேண்டியது, தோளில் சுமை கூட்டாத ஒரு சிறு அட்டை: கடித்த நாள், கடித்த உடற்பகுதி, நடந்த இடம் ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ளக் கோடிட்டது. லைம் நோயின் விரியும் சிவப்பு வட்டம் கடித்த மூன்றாம் நாளிலிருந்து முப்பதாம் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் தோன்றலாம். ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் நோய், ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் வலியில்லாத கருநிறப் பொருக்கு ஒன்று, அதைத் தொடர்ந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல். காய்ச்சலோடு வருகிறவர் அதற்கு முன் காட்டில் நடந்ததைச் சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அந்தப் பக்கம் எண்ணமே போகாமல் இருக்கலாம். சொன்னால், டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்தை உரிய நேரத்தில் தொடங்கிவிட முடியும். அந்த அட்டை வரும் வரை, மடிப்புத் தாளின் பின்புறத்தில் இருக்கும் வெற்றிடத்திலேயே எழுதிக்கொள்ளலாம். ஒரு பென்சிலைப் பையில் போட்டு வையுங்கள், ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும்.